உழவர் சந்தைல விக்கப் போறவங்களுக்கும் வாங்கப் போறவங்களுக்கும்

வெவசாயியே தன் காய நேரா விக்கற உழவர் சந்தைல கடை வாடகை கெடையாது, கமிஷன் கெடையாது, தராசு கூட ஆபீஸ்லயே குடுத்துடறாங்க, இவ்ளோ இருந்தும் கால் ஏக்கர் அரை ஏக்கர்ல காய் போடறவங்க நெறைய பேரு இன்னும் மண்டிக்குத்தான் மூட்டைய ஏத்திவிடறாங்க. அங்க கமிஷன், ஏத்துக்கூலி, எறக்குக்கூலி எல்லாம் போக கைக்கு வர்றத பாத்தா மனசு ஆறாது. அதனாலதான் இதை எழுதறேன், விக்கறவங்களுக்கும் வாங்கறவங்களுக்கும் சேத்தே, ஏன்னா ரெண்டு பேரும் ஒழுங்கா வந்தாத்தான் சந்தை நடக்கும்.

மொதல்ல இந்த சந்தை எப்படி வந்துச்சு, விலை எப்படி வருதுன்னு தெரிஞ்சுக்கங்க. 1999 நவம்பர் 14 அன்னிக்கு மதுரை அண்ணா நகர்ல கலைஞர் முதல்வரா இருந்தப்ப மொத உழவர் சந்தை தொறந்தாங்க. பஞ்சாப்ல அப்னி மண்டி, ஆந்திரால ரைத்து பஜார்னு இதே மாதிரி முன்னாடியே நடந்துட்டு இருந்துச்சு. நடுவுல புரோக்கர் இல்லாம வெவசாயியே நேரா விக்கணும், அவ்ளோதான் விஷயம். தெனமும் காலைல பக்கத்து மார்க்கெட் மொத்த விலைய கேட்டு, அதுக்கு மேல 20 சதவீதம் வாக்குல, வெளிக்கடை சில்லறை விலைக்கு 15 சதவீதம் வாக்குல கம்மியா இருக்கற மாதிரி விலை வெச்சு போர்டுல எழுதிடுவாங்க. அப்ப வெவசாயிக்கு மண்டிய விட கூட, வாங்கறவங்களுக்கு கடைய விட கம்மி. அதனால போர்டுல 40 ரூபான்னு இருக்கற கத்திரிக்காய நின்னு 30க்கு கேக்காதீங்க, அந்தக் கொறைப்ப ஏற்கனவே குடுத்தாச்சு. அதே மாதிரி போர்டுக்கு மேல யாராச்சும் சொன்னா போர்ட காமிச்சு கேளுங்க, தப்பே இல்ல, அப்பவும் ஒத்து வரலன்னா ஆபீஸ் உள்ளயேதான் இருக்கு.

இப்ப விக்கறவங்களுக்கு. அடையாள அட்டை இல்லாம உக்கார முடியாது. உங்க ஊருக்கு பக்கத்துல இருக்கற உழவர் சந்தை ஆபீஸ்ல போய் கேளுங்க, சிட்டா (நெலம் யாரு பேர்ல இருக்குன்னு காட்டறது), அடங்கல் (அதுல என்ன பயிர் இருக்குன்னு காட்டறது), ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ இதெல்லாம் கையில வெச்சுக்கங்க. சிட்டா ஆன்லைன்லயே எடுத்துக்கலாம், அடங்கலுக்கு விஏஓவ பாக்கணும், குத்தகைக்கு பண்றவங்களும் அவருகிட்டயே பேசிடறது நல்லது. தோட்டத்துல என்ன போட்ருக்கீங்கன்னு ஆபீசருங்க நேர்ல வந்து பாப்பாங்க, அதுக்கு சங்கடப்படாதீங்க, யாவாரிங்க வெவசாயி பேர்ல உள்ள வந்துடக் கூடாதுன்னுதான் அந்த செக்கிங், அது நமக்குத்தான் பாதுகாப்பு. வீட்டுக்காரம்மாவோ பையனோ விக்க வருவாங்கன்னா அப்பவே சொல்லி வெச்சுடுங்க. பஸ்ல மூட்டைக்கு லக்கேஜ் காசு இல்லாம ஏத்திக்கற ஏற்பாடும் உண்டு, உங்க ரூட்ல விடியக்காலைல எந்த பஸ்ல ஏத்தலாம்னு அதே ஆபீஸ்ல கேட்டுக்கங்க.

அட்டை வாங்கறது பெருசில்ல, தெனமும் கொண்டு வர காய் இருக்கணும், அதுதான் வேலையே. 20 சென்ட் பூராவும் ஒரே நாள்ல கீரை வெதச்சா ஒரே வாரத்துல அத்தனையும் வந்து நிக்கும், மீதி நாளு கடை காலி. வாரத்துக்கு ரெண்டு பாத்தின்னு பிரிச்சு வெதைங்க. சிறுகீரை 25 நாள் வாக்குல புடுங்கிடலாம், அரைக்கீரை கிள்ள கிள்ள தழையும், கொத்தமல்லிக்கு 40 நாள் கிட்ட ஆகும், இதை கணக்கு பண்ணி போட்டா கட்டு இல்லாத நாளே இருக்காது. தெனமும் வர்றவருக்குத்தான் வாடிக்கை நிக்கும், வாரத்துக்கு ஒருக்கா வந்தா ஆளுங்க பக்கத்து கடைக்கு பழகிடுவாங்க.

கீரைய சாயங்காலம் வெயில் தாழ்ந்து அறுங்க, வேர்ல மண்ண அலசிட்டு தண்ணி நல்லா வடிய விட்டு ஈர சாக்குல நிறுத்தி வைங்க, படுக்க வெச்சா அடிக்கட்டு காலைக்குள்ள சூடேறி மஞ்சளாயிடும். வெண்டைய ஒருநாள் விட்டு ஒருநாள் கண்டிப்பா பறிக்கணும், ரெண்டு நாள் தப்புச்சா முத்திடும், அப்புறம் அத யாரும் தொட மாட்டாங்க. தக்காளிய சாக்குல கட்டாதீங்க, கிரேட்லதான் கொண்டு வரணும், அதுலயும் நல்லா பழுத்தது தனியா செங்காய் தனியா, அன்னிக்கே ரசம் வெக்கறவங்களுக்கு ஒன்னு, மூணு நாள் வெச்சிருக்கறவங்களுக்கு ஒன்னு. நல்ல காய்க்கு அடியில சொத்தைய மறைச்சு வெக்கற வேலை வேண்டவே வேண்டாம். ரெண்டாந்தரத்த தனியா கூறு கட்டி வைங்க, மெஸ் வெச்சிருக்கறவங்க தேடி வந்து வாங்குவாங்க. சில்லறை 10 ரூபா 20 ரூபா நோட்டா முந்தின நாளே மாத்தி வைங்க, க்யூஆர் அட்டை எல்லாரு கண்ணுக்கும் படற எடத்துல தொங்கட்டும், இப்ப கீரைக்கட்டுக்கு கூட போன்லதான் காசு போடறாங்க. ஒம்போது ஒம்போதரைக்கு மேல கூட்டம் கலைய ஆரம்பிக்கும், வாடற சரக்க அப்பவே கொறச்சு தள்ளிடுங்க, மதியம் வரைக்கும் பிடிச்சு வெச்சா மாட்டுக்குத்தான் போடணும்.

வாங்கறவங்க ஆறு ஆறரைக்குள்ள போயிடுங்க. கோயமுத்தூர்ல சிங்காநல்லூர், ஆர்.எஸ்.புரம், ஈரோட்ல சம்பத் நகர், சேலத்துல சூரமங்கலம், எங்க போனாலும் இதான், லேட்டா போனா பொறுக்கி எடுத்த மிச்சந்தான். போனதும் மொத கடையில வாங்கிடாதீங்க, போர்ட பாத்துட்டு ஒரு சுத்து சுத்தி வாங்க. எல்லாருக்கும் விலை ஒன்னுங்கறப்ப தரத்துலதான் வித்தியாசம். எது எந்த தோட்டத்துல இருந்து வருதுன்னு கேளுங்க, நாத்து விட்ட தேதியில இருந்து சொல்லுவாங்க, ரெண்டு மூணு காய் மட்டும் குவிச்சு வெச்சிருக்கற கடைதான் பெரும்பாலும் சொந்த தோட்டத்து காய். உருளை, பூண்டு எல்லாம் நம்ம சமவெளி தோட்டத்துல பெருசா வெளையறது இல்லங்கறதயும் ஞாபகம் வெச்சுக்கங்க, அதெல்லாம் பெரும்பாலும் வெளிய இருந்து வந்ததாத்தான் இருக்கும்.

கத்திரிக்காய்க்கு காம்ப பாருங்க, பச்சையா முள்ளோட இருந்தா காலைல பறிச்சது. முருங்கைய லேசா முறுக்கி பாத்தா வளைஞ்சு குடுக்கணும், வெறப்பா நின்னா முத்தல். மழை சீசன்ல முருங்கை விலை ஏறத்தான் செய்யும், பூ கொட்டிடறதால, அதுக்கு விக்கறவங்ககிட்ட சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல, அந்த மாசம் அவரைக்கும் பூசணிக்கும் மாறிக்கங்க. சின்ன வெங்காயம் தோல் சலசலன்னு காஞ்சு கழுத்து ஒட்டியிருக்கணும், ஈரமா இருந்தா வாரத்துல அழுகிடும். கீரைல ஓட்டை இருந்தா ஒதுக்காதீங்க, ஒரு பூச்சி கூட கடிக்காத கட்ட பாத்தாத்தான் எனக்கு யோசனையா இருக்கும்.

வெண்டைக்காய் நுனிய ஒடிக்கற பழக்கத்த மட்டும் தயவு பண்ணி விட்ருங்க. பத்து பேர் ஒடிச்சுட்டு போனா அந்த அரை கிலோவும் விக்கற அக்காவுக்கு நஷ்டம், ஒடிச்ச எடம் கறுத்து போயி யாரும் வாங்க மாட்டாங்க. சின்னதா, வரி அழுத்தமா தெரியாம, நுனி மெத்துனு இருந்தா பிஞ்சு, கண்ணுலயே தெரியும். சந்தேகமா இருந்தா "அக்கா ஒன்னு பாத்துக்கட்டுங்களா"ன்னு கேட்டு ஒரே ஒரு காய ஒடிங்க, "பாருங்க கண்ணு, நேத்து சாயந்தரம் பறிச்சது"ன்னு அவங்களே எடுத்து நீட்டுவாங்க.

துணிப்பை ரெண்டு மூணு கொண்டு போங்க, அடியில தேங்கா பூசணி, மேல தக்காளி, கீரைய கையிலயே புடிச்சுக்கங்க. எடை போடறப்ப தராசுல சைபர் நிக்குதான்னு ஒரு பார்வை, அது போதும். கருவேப்பில கொத்தமல்லி கொசுறு கேக்கறது வழக்கந்தான், ஆனா ரெண்டு கத்திரிக்கா வாங்கிட்டு கைநெறைய கேக்காதீங்க, கருவேப்பிலையும் தண்ணி விட்டு வளத்ததுதான். ஒரே ஆளுகிட்ட தொடர்ந்து வாங்கினீங்கன்னா "அடுத்த வாரம் பீர்க்கங்கா எறங்கும், வாங்க"ன்னு முன்கூட்டியே சொல்லுவாங்க. வாழைப்பூ, சுண்டக்கா, மணத்தக்காளி மாதிரி எப்பவாச்சும் வர்றத முந்தின நாளே சொல்லி வெச்சுட்டா ஒரு கட்டு எடுத்து தனியா வெச்சிருப்பாங்க, சொல்லி வெச்சா கண்டிப்பா போய் வாங்கிக்கங்க.