இரண்டு மின்குமிழ்களுக்கும் ஒரு மின்விசிறிக்கும் ஆளி இணைத்தல்

புதிதாகச் சீலிங் அடித்த முன்னறையில் ஆளிகளை இணைக்கும்போது தவறக் கூடாத விதி ஒன்று உண்டு: மின்சாரத்தைக் கொண்டுவரும் உயிர்க்கம்பி மட்டுமே ஆளியின் ஊடாகச் செல்ல வேண்டும். மின்சாரம் திரும்பிச் செல்லும் நொதுமற்கம்பியில் (நியூட்ரல்) ஆளியைப் போட்டாலும் விளக்கு எரியும், அணையும். ஆனால் அணைந்த பின்னரும் ஹோல்டரில் 230 வோல்ட் நிற்பதால், குமிழ் மாற்றக் கை வைப்பவரின் உயிருக்கே அது ஆபத்தாகும்.

மலைநாட்டில் விசிறி எதற்கு என்று நுவரெலியாவில் இருப்பவர் கேட்கலாம். மாத்தளையில் பங்குனி வெயிலில் தகரக் கூரையின் கீழ் இருந்தவர் கேட்க மாட்டார்.

மெயின் சுவிட்சை நிறுத்தியதும் வேலையைத் தொடங்கிவிடக் கூடாது. லயன் வீடுகளில் அடுத்த காம்பராவிலிருந்து எப்போதோ இழுத்த கம்பியொன்று கூரைக்குள் உயிரோடு கிடக்கலாம் என்பதால், டெஸ்டரை மின்சாரமுள்ள ஓரிடத்தில் முதலில் சோதித்துவிட்டு, பின்னர் ஒவ்வொரு கம்பியையும் சோதிக்க வேண்டும். பழைய வீடுகளில் சிவப்பு உயிர், கறுப்பு நொதுமல், பச்சை புவி (எர்த்). புதியவற்றில் முறையே கபிலம், நீலம், பச்சை மஞ்சள். ஆயினும் முன்பு வேலை செய்தவர் கையில் கிடைத்த கம்பியைப் போட்டிருக்கக்கூடும்; நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீடாயின், முதலில் தகைமை பெற்ற மின்னியலாளரைக் கொண்டு அதைப் பொருத்துவதே முறை.

வந்து சேரும் உயிர்க்கம்பியை முதலாவது ஆளியின் ஒரு முனையில் இறுக்கி, அங்கிருந்து சிறு துண்டுகளால் இரண்டாம், மூன்றாம் ஆளிகளுக்குத் தொடுக்க வேண்டும். முதலிரு ஆளிகளின் மறுமுனைகளிலிருந்து தனித்தனிக் கம்பிகள் மின்குமிழ்களுக்குச் செல்லும். மூன்றாவதிலிருந்து புறப்படுவது ரெகுலேட்டரின் வழியாக விசிறியை அடையும். நொதுமற்கம்பி எந்த ஆளியையும் தொடாமல் இரு குமிழ்களுக்கும் விசிறிக்கும் நேரே போக, புவிக்கம்பி விசிறியின் உலோக உடலில் இறுகியிருக்க வேண்டும். குமிழின் ஒளியைக் குறைக்கும் டிம்மரை விசிறிக்குப் போட்டால் அது உறுமும், சூடேறும்.

விசிறி ஏறக்குறைய 75 வாற்று, எல்.ஈ.டி. குமிழ் ஒவ்வொன்றும் 9 வாற்று என்று கொண்டால், மொத்தம் அரை அம்பியரைக்கூட எட்டாது, 1/1.13 கம்பி (1.13 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒற்றை இழை) தாராளமாகப் போதும். கோளாறு பெரும்பாலும் கம்பியின் பருமனில் அன்று, இணைப்பில்தான் வருகிறது. மழையும் பனிமூட்டமும் ஓயாத ஊர்களில், முறுக்கி டேப் சுற்றிய இணைப்பில் ஈரம் இறங்கிச் செம்பு பச்சை பூப்பதால், திருகாணியுள்ள கனெக்டரைப் பெட்டிக்குள் வைத்து இணைப்பதே நல்லது.

விசிறியைச் சீலிங் தகட்டில் தொங்கவிடவே கூடாது. கூரையைத் தாங்கும், கறையான் அரிக்காத வளைமரத்தில் கொக்கியை இறுக்கி, இதழ்கள் தரையிலிருந்து ஏழடிக்கு மேல் சுழலுமாறு அமைக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து ஆளியை அணைத்த பின்னரும் எல்.ஈ.டி. குமிழ் மங்கலாக மினுங்கினால், காட்டி விளக்குள்ள ஆளி அதற்குக் காரணமாகலாம்; அத்தகைய ஆளி இல்லையெனில், மெயினை மீண்டும் நிறுத்தி, நொதுமற்கம்பி ஆளிக்குள் புகுந்திருக்கிறதா என்று திறந்து பார்க்க வேண்டும்.