ஊதாக் கல் உண்மையான செவ்வந்திக்கல்லோ எண்டு வீட்டில பாக்கிற விதம்

வற்றாப்பளைப் பொங்கல் கடையிலயோ வவுனியா டவுனிலயோ கத்தரிப்பூ கலர்க் கல்லொண்டைக் காட்டி இது செவ்வந்திக்கல், அமெதிஸ்ட் எண்டு சொன்னா உடன காசை எடுக்காதேங்கோ. அந்தக் கல் எப்பிடி உண்டாகுது எண்டு விளங்கினா பாதிச் சோதனையை கண்ணாலயே செய்யலாம், அதால முதல் அதைச் சொல்லுறன்.

செவ்வந்திக்கல்லும் குவார்ட்ஸ்தான். எங்கட கிரவல் றோட்டில காலில குத்துற வெள்ளைக் கல்லும் அதே சாமான்தான், ரெண்டும் சிலிக்கா, அதாவது சிலிக்கனும் ஒக்சிசனும் சேந்தது. பிரேசில், உருகுவே பக்கம் எரிமலைக் குழம்பு ஆறி இறுகேக்க உள்ளுக்க வாயுக் குமிழ் மாட்டுப்பட்டு பொந்தாகிப் போச்சு, பிறகு சிலிக்கா கரைஞ்ச தண்ணி அதுக்குள்ள ஊறி ஊறி முதல் சுவரோட அகேட் எண்ட, கோடு கோடான நுண்ணிய குவார்ட்ஸ் படையும் அதுக்கு மேல உள்நோக்கின கூர்கூரான பளிங்கும் எண்டு மெதுவா வளந்தது. வளரேக்க சிலிக்கன் இருக்கவேண்டிய இடத்தில அங்கொண்டும் இங்கொண்டுமா இரும்பு அணு போய்க் குந்திடும். அது மட்டும் காணாது. சுத்தியிருக்கிற பாறையில இருந்து வாற இயற்கைக் கதிர்வீச்சு கனகாலம் பட்டு அந்த இரும்பில இருந்து ஒரு எலக்ட்ரான் கழண்டாத்தான் ஊதா பிடிக்கும். வன்னியில இருக்கிறது வேற மாதிரிப் பாறை, நிலத்துக்கு ஆழத்தில சூட்டிலயும் அழுத்தத்திலயும் மாறினது, புவியியல்காரர் அதுக்கு வன்னித் தொகுதி எண்டே பேர் வைச்சிருக்கினம். அதால பிரேசில் மாதிரிப் பொந்துக் கல் கிடைக்குமெண்டு பத்தைக்குள்ள கிண்டப் போகாதேங்கோ, மிதிவெடிப் பலகை நட்ட பக்கம் போகவே வேண்டாம், இரத்தினக்கல் தோண்ட லைசென்சும் வேணும்.

இனி சோதனை. வெள்ளைக் கோப்பையில தண்ணி விட்டு கல்லைப் போட்டு பகல் வெளிச்சத்தில மெதுவாத் திருப்பிப் பாருங்கோ. பளிங்கு தட்டையான முகத்தில படை படையா வளந்தது எண்டபடியா கலரும் நேர்கோடாத்தான் கிடக்கும், கோடு மடங்கிற இடம் கோணமா இருக்கும், ஒரு பக்கம் கடும் ஊதாவும் மற்றப் பக்கம் வெளிறலுமா இருந்தா அது குறையில்லை, நல்ல அடையாளம். கலர் சுழிச்சு வளைஞ்சு ஓடினாலோ பத்து மடங்கு லென்சில உருண்டைக் குமிழ் தெரிஞ்சாலோ அது கண்ணாடி.

அடுத்தது எனக்குப் பிடிச்ச சோதனை, நிறுத்துப் பாக்கிறது. மோதிரத்தில பதிச்ச கல்லுக்குச் சரிவராது, தனிக் கல் வேணும். நகை நிறுக்கிற மாதிரி சின்ன டிஜிட்டல் தராசில கல்லை நிறுங்கோ, 10.6 கிராம் எண்டு வைப்பம். பிறகு பிளாஸ்டிக் கப்பில தண்ணியை தராசில வைச்சு பூச்சியமாக்கி, கல்லை நூலில கட்டி தண்ணிக்குள்ள முழுக்கத் தாழவிட்டுக் கையால பிடியுங்கோ, அடியிலயும் கரையிலயும் முட்டக்கூடாது, குமிழ் ஒட்டியிருந்தா தட்டி விடுங்கோ. இப்ப தராசு 4.0 காட்டினா 10.6ஐ 4.0ஆல பிரியுங்கோ, 2.65 வரும், அதாவது கல் அதே அளவு தண்ணியை விட 2.65 மடங்கு பாரம். குவார்ட்ஸ் எண்டா அந்த இலக்கம்தான். 3.18 கிட்ட வந்தா ஊதாப் புளோரைட் எண்ட வேற கனியமா இருக்கலாம், அது சரியான மெதுமை, கெதியாக் கீறுப்படும். மிகச் சின்னக் கல்லுக்கு இந்தக் கணக்கு பிழைக்கும்.

உரசிப் பாக்கிறதெண்டா பட்டை தீட்டாத கல்லில மட்டும். செவ்வந்திக்கல்லின்ர கடினம் 1இல இருந்து 10 வரை போற மோஸ் அளவில 7 எண்டபடியா போத்தல் கண்ணாடியைக் கீறும்.

ஆனா ஆய்வுகூடத்தில வளத்த செவ்வந்திக்கல்லும் குவார்ட்ஸ்தான், நிறுவையிலயும் கடினத்திலயும் பிடிபடாது. விலை கூடின கல்லெண்டா தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின்ர ஆய்வுகூடத்தில குடுத்து எழுத்தில வாங்குங்கோ, கடைக்காரரின்ர வாய்ப்பேச்சு காணாது.

வாங்கின பிறகு யன்னல் வெயிலில கனகாலம் வையாதேங்கோ, கலர் வெளிறும். 400, 500 பாகை செல்சியஸ் சூட்டில ஊதாவே போயிடும், கனக்கக் கல் மஞ்சளாகும், சந்தையில சிட்ரின் (மஞ்சள் குவார்ட்ஸ்) எண்டு விக்கிறதில கனக்க இப்பிடிச் சுட்ட செவ்வந்திக்கல்தான். அதால மோதிரத்தைச் சின்னாக்கவோ ஒட்டவோ குடுக்கேக்க, நெருப்புப் பிடிக்க முதல் கல்லைக் கழட்டச் சொல்லி பக்கத்திலயே நிண்டு பாருங்கோ.