பசுமைத் தொழில் கூடுகை: முதல் சந்திப்பை நடத்துவது எப்படி?

மரப்பட்டறை வைத்திருக்கும் ஒருவர், தினமும் குவியும் மரத்தூளை என்ன செய்வதென்று தெரியாமல் எரித்துக்கொண்டிருந்தார். காளான் வளர்க்கும் இன்னொருவர், படுக்கை போட மரத்தூள் கேட்டு வெகுதூரத்துக்கு வண்டி அனுப்பிக்கொண்டிருந்தார். இரண்டு இடத்துக்கும் நடுவே பத்து நிமிட நடைதான். நாங்கள் நடத்தும் கூடுகையின் மூன்றாவது சந்திப்பில் இருவரும் தற்செயலாகப் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

"உங்க தூள்ல ப்ளைவுட் கலந்திருக்குமா?" இதுதான் காளான்காரர் கேட்ட முதல் கேள்வி. ப்ளைவுட்டில் பசை இருக்கும், காளானுக்கு அது ஆகாது.

"ப்ளைவுட் அறுக்கிற மெஷின் தனியா இருக்கு. அந்தத் தூளை வேற சாக்குல அள்ளிடறேன்" என்றார் பட்டறைக்காரர்.

மறுவாரமே முதல் மூட்டை போய்ச் சேர்ந்தது. அந்த மாலையில் மேடைப் பேச்சும் இருந்தது, படங்களோடு விளக்கமும் இருந்தது. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது இந்த நாலு வரிப் பேச்சுதான்.

ஒருவரிடம் மிஞ்சிக் கிடப்பது இன்னொருவருக்குத் தேவையாக இருக்கும். ஒருவர் தீர்த்துவிட்ட சிக்கலில் இன்னொருவர் இன்னும் மாட்டிக்கொண்டிருப்பார். அவர்கள் பேசிக்கொள்ள ஒரு மாலை நேரத்தை ஒழுங்காக அமைத்துக் கொடுப்பதுதான் நம் வேலை. அதை முதல் முறை செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: ஒரே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள்

"நீடித்த தொழில்", "புத்தாக்கம்" என்ற தலைப்பில் அழைத்தால் எல்லாரும் தலையாட்டுவார்கள், யாரும் வரமாட்டார்கள். தலைப்பு பெரிதாக இருந்தால், தனக்கு அங்கே என்ன வேலை என்று ஒரு கடைக்காரருக்கோ தையல் பட்டறை நடத்துபவருக்கோ தெரியாது. அதனால் தொழில் செய்பவர் தன் கணக்கு நோட்டைப் பார்த்தே பதில் சொல்லக்கூடிய கேள்வியாக எடுத்துக்கொள்ளுங்கள். சில உதாரணங்கள்:

- நாம் காசு கொடுத்து அகற்றும் கழிவு எது?
- பொருளை அனுப்பும் பெட்டியும் உறையும் திரும்பி வர வழி உண்டா?
- மின்கட்டணத்தில் பாதியைத் தின்னும் இயந்திரம் எது?
- உடைந்த பொருளைப் பழுதுபார்த்துக் கொடுப்பதை வருமானமாக மாற்ற முடியுமா?

முதல் சந்திப்புக்கு நான் கழிவுக் கேள்வியைத்தான் சொல்வேன். கழிவு இல்லாத தொழில் கிடையாது என்பதால் வருகிற எல்லாரிடமும் சொல்ல ஏதாவது இருக்கும்.

இதற்குப் பெரிய முன்னுதாரணமே உண்டு. டென்மார்க்கில் கலுண்ட்போர்க் என்ற சிறு நகரம். 1972-ல் அங்கே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் மிஞ்சிய எரிவாயுவை, சுவர்ப் பலகை செய்யும் ஆலை ஒன்று குழாய் வழியாக வாங்கத் தொடங்கியது. பிறகு அனல் மின்நிலையத்தின் வெப்பம் ஊர் வீடுகளைச் சூடாக்கப் போனது. அந்த மின்நிலையம் புகையிலிருந்து கந்தகத்தைப் பிரிக்கும்போது கிடைத்த ஜிப்சம், 1990-களில் அதே பலகை ஆலைக்கு மூலப்பொருள் ஆனது. யாரும் முன்கூட்டித் திட்டம் போட்டு இதைத் தொடங்கவில்லை. ஒவ்வொரு பரிமாற்றமும் இரண்டு நிறுவனங்கள் தங்களுக்குள் பேசி முடித்துக்கொண்டது. ஊர் சிறியதென்பதால் ஆலை மேலாளர்கள் ஒருவரையொருவர் முகம் பார்த்துப் பழகியவர்கள். இதை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டுவது அந்தப் பழக்கத்தைத்தான். அந்தப் பழக்கம் தானாக அமையாத இடத்தில் அதை உண்டாக்கித் தருவது நம் கூடுகை.

படி 2: கூட இரண்டு பேரைச் சேருங்கள்

தனியாக நடத்தாதீர்கள். முதல் இரண்டு முறை உற்சாகம் தாங்கும், மூன்றாவது முறை உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் கூடுகையும் படுத்துவிடும். மூன்று பேர் போதும். ஒருவர் அழைப்பைப் பார்த்துக்கொள்ளட்டும், ஒருவர் இடத்தையும் நேரத்தையும், ஒருவர் குறிப்பெடுப்பதை. மூவரில் ஒருவராவது சொந்தமாகத் தொழில் நடத்துபவராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் மட்டுமே கூடி, தங்களுக்குள் ஒத்துப்போய்க் கலைந்துவிடும் ஆபத்து உண்டு. நானே அப்படி ஓர் ஆண்டு நடத்தியிருக்கிறேன். நல்ல மனிதர்கள், நல்ல பேச்சு. ஆனால் அந்த ஆண்டில் ஒரு மூட்டைக் கழிவுகூடக் குறையவில்லை.

படி 3: நாளும் இடமும்

மாதம் ஒருமுறை, எப்போதும் ஒரே நாள். "ஒவ்வொரு மாதமும் இரண்டாவது வியாழன் மாலை" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், ஆள்கள் நாட்காட்டியைப் பார்க்காமலே வருவார்கள். பசுமை ஆர்வலர்கள் கூடும் 'கிரீன் ட்ரிங்க்ஸ்' என்ற வழக்கம் 1989-ல் லண்டனில் சில நண்பர்கள் மதுக்கூடத்தில் சந்தித்ததில் தொடங்கி, பல நாடுகளுக்குப் பரவியது. அதற்கு அலுவலகமோ உறுப்பினர் கட்டணமோ தேவைப்படவில்லை. பழகிய இடம், தெரிந்த நாள், வந்தவரை வரவேற்க ஒருவர், அவ்வளவுதான்.

இடத்தைப் பொறுத்தவரை நூலகம், சமுதாயக் கூடம், மாலையில் காலியாக இருக்கும் வகுப்பறை எதுவானாலும் சரி. வருபவர்களில் ஒருவரின் பட்டறையிலேயே நடத்தினால் இன்னும் நல்லது. மூலையில் கிடக்கும் குவியலைக் கண்ணால் பார்த்தபிறகு கேட்கும் கேள்வியே வேறாக இருக்கும். பேருந்தில் வர முடிகிறதா, சக்கர நாற்காலி உள்ளே போகுமா, பெண்கள் இரவு எட்டு மணிக்குத் தனியாகத் திரும்பிப் போகத் தயங்குவார்களா என்பதையும் பாருங்கள்.

படி 4: பெயர் சொல்லி அழையுங்கள்

வாட்ஸ்அப் குழுவில் ஒரு படத்தைப் போட்டுவிட்டுக் காத்திருப்பது அழைப்பு ஆகாது. இருபத்தைந்து பெயர்களைத் தாளில் எழுதுங்கள். பொருள் செய்பவர்கள், விற்பவர்கள், பழுதுபார்ப்பவர்கள், பழைய பொருள் வாங்குபவர்கள், உள்ளாட்சியில் கழிவு மேலாண்மை பார்ப்பவர், கல்லூரி ஆசிரியர் ஒருவர், மாணவர்கள் சிலர் என்று கலந்து இருக்கட்டும். பழைய பொருள் வாங்குபவரை மறக்காதீர்கள். எந்தப் பொருளுக்கு மதிப்பு உண்டு, எது கலந்தால் மதிப்பு போய்விடும் என்பதை அந்த அறையில் அவரைவிட நன்றாக அறிந்தவர் இருக்கமாட்டார். ஆனாலும் அவரை யாரும் இப்படிப்பட்ட கூட்டத்துக்கு அழைப்பதே இல்லை.

ஒவ்வொருவரையும் போனில் கூப்பிடுங்கள், முடிந்தால் நேரில் போங்கள். "உங்களைப் பேச்சாளராகக் கூப்பிடவில்லை. உங்களிடம் மிஞ்சுவது என்ன, தேவைப்படுவது என்ன, இந்த இரண்டை மட்டும் யோசித்து வைத்துக்கொண்டு வாருங்கள்" என்று சொல்லுங்கள். வருகிறேன் என்றவர்கள் எல்லாரும் வரமாட்டார்கள், அதற்காக மனம் தளர வேண்டாம். பன்னிரண்டு பேர் வந்தாலே கூடுகை நடக்கும். முந்தின நாள் ஒரு குறுஞ்செய்தி அனுப்பி நினைவூட்டுங்கள்.

படி 5: அந்த இரண்டு மணி நேரம்

கூடுகை நிற்பதும் விழுவதும் இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் நாற்காலி. மேடையைப் பார்த்து வரிசையாகப் போடப்பட்டிருந்தால், நீங்கள் வாயைத் திறக்கும் முன்பே வந்தவர்கள் பார்வையாளர்கள் ஆகிவிடுகிறார்கள். நான்கைந்து பேர் உட்காரும்படி சிறு சிறு வட்டமாகப் போடுங்கள். வாசலில் ஒருவர் நின்று ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை கொடுக்கட்டும். ஒரு பக்கம் உபயோகித்த தாளை வெட்டிச் செய்த அட்டை போதும். அதில் இரண்டு வரி: "என்னிடம் மிஞ்சுவது", "எனக்குத் தேவை". பெயரும் தொழிலும் கீழே. வந்து உட்காரும் அந்தப் பதினைந்து நிமிடத்திலேயே எழுதிவிடுவார்கள். எழுதியதைப் பக்கத்திலிருப்பவர் எட்டிப் பார்ப்பார், பேச்சு தானாகத் தொடங்கும்.

அட்டையில் "கழிவு" என்று மட்டும் எழுதியிருந்தால் விடாதீர்கள். என்ன பொருள், வாரத்துக்கு எத்தனை கிலோ, சுத்தமாக இருக்கிறதா கலந்து கிடக்கிறதா என்று கேட்டு எழுத வையுங்கள். "துணி வெட்டுத் துண்டுகள், வாரம் ஒரு மூட்டை, பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்தது" என்று எழுதிய பிறகுதான் எதிரில் இருப்பவரால் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியும்.

அடுத்து, சிறு பேச்சுகள். இரண்டு அல்லது மூன்று போதும். இதற்கு 2003-ல் டோக்கியோவில் தொடங்கிய 'பெச்சகுச்சா' முறை எனக்குப் பிடிக்கும். இருபது படங்கள், ஒவ்வொன்றுக்கும் இருபது வினாடி, மொத்தம் 6 நிமிடம் 40 வினாடியில் பேச்சு முடிந்துவிடும். படங்கள் தானாக நகரும் என்பதால் யாரையும் நிறுத்தச் சொல்லும் சங்கடம் உங்களுக்கு இல்லை. பேசுபவர் தன் தொழிலில் செய்து பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். தோற்ற முயற்சியாக இருந்தால் இன்னும் விசேஷம்.

அதன்பின் வட்டப் பேச்சு. 1995-ல் கலிபோர்னியாவில் உருவான 'வேர்ல்ட் கஃபே' முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒரே கேள்வியை எல்லா வட்டங்களும் இருபது நிமிடம் பேசும். பிறகு வட்டத்துக்கு ஒருவர் மட்டும் அங்கேயே இருக்க, மற்றவர்கள் வெவ்வேறு வட்டங்களுக்குப் பிரிந்து போவார்கள். இருந்தவர் புதிதாக வந்தவர்களுக்கு முன்பு பேசியதைச் சுருக்கிச் சொல்ல, பேச்சு அங்கிருந்து தொடரும். இரண்டு சுற்றிலேயே அறையில் இருக்கும் பெரும்பாலோர் ஒருவரையொருவர் பார்த்திருப்பார்கள்.

நேரத்தைக் கணக்குப் பார்த்தால் ஒரு மணி நேரம் இருபது நிமிடம் ஆகியிருக்கும். அட்டைகளைச் சுவரில் ஒட்டிவிட்டு மீதி நேரத்தை அப்படியே விட்டுவிடுங்கள். ஆம், நிகழ்ச்சி எதுவும் வைக்காமல். ஹாரிசன் ஓவன் என்ற அமெரிக்கர் 1980-களின் தொடக்கத்தில் பெரிய மாநாடு ஒன்றை மாதக்கணக்கில் உழைத்து நடத்தினார். கடைசியில் அதன் மிகச் சிறந்த பகுதி காபி இடைவேளைகள்தான் என்று அவருக்கும் வந்தவர்களுக்கும் பட்டது. அதிலிருந்து 1985-ல் பிறந்ததுதான் 'ஓப்பன் ஸ்பேஸ்' என்ற கூட்ட முறை. அதில் ஒரு விதி உண்டு: நீ இருக்கும் இடத்தில் நீ கற்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை என்றால் எழுந்து வேறு இடத்துக்குப் போ. கூடுகையின் தொடக்கத்திலேயே இந்த விதியைச் சொல்லிவிடுங்கள். எழுந்து போனால் மரியாதைக் குறைவோ என்று தயங்கி உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்றையும் தொடக்கத்தில் சொல்லுங்கள். தன் தொழிலின் சிக்கலை வெளிப்படையாகச் சொல்பவருக்குப் பாதுகாப்பு வேண்டும். லண்டனின் சாட்டம் ஹவுஸ் நிறுவனம் 1927-ல் வகுத்த விதி இதற்கு உதவும்: இங்கே கேட்டதை வெளியே பயன்படுத்தலாம், சொன்னவர் யார் என்பதை வெளியிடக் கூடாது. போட்டியாளர்கள் இருவர் ஒரே அறையில் உட்காரும்போது இந்த ஒரு வாக்கியம் செய்யும் வேலையை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

படி 6: "பசுமை" என்று சொன்னால் கணக்குக் கேளுங்கள்

ஒருவர் எழுந்து "எங்கள் பொருள் முழுக்கச் சூழலுக்கு உகந்தது" என்பார். அவரைப் புண்படுத்தாமல் மூன்று கேள்விகள் கேட்கலாம். எதோடு ஒப்பிட்டு? எவ்வளவு? எப்படி அளந்தீர்கள்? உதாரணமாக, "மக்கும்" என்று அச்சிட்ட சில பைகள் தொழிற்கூட உரமாக்கலின் வெப்பத்தில்தான் மக்கும், வீட்டுக் குப்பைக்குழியில் அப்படியே கிடக்கும். இது தெரியாமல் நல்ல எண்ணத்தோடு வாங்கி விற்பவர்கள் பலர். கேள்வி கேட்பது அவர்களுக்கும் உதவிதான்.

கூடுகைக்கும் இதே கணக்கு உண்டு. தூக்கியெறியும் குவளைகளை வைத்துக்கொண்டு கழிவைப் பற்றிப் பேச முடியாது.

படி 7: அடுத்த இரண்டு நாள்

புதியவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான். கூடுகை முடிந்த களைப்பில் அட்டைகள் பைக்குள் போய்விடும், ஒரு வாரம் கழித்து எடுத்தால் யாருக்கும் ஒன்றும் நினைவிருக்காது. இரண்டு நாளுக்குள் மூன்று வேலைகளை முடியுங்கள்.

முதலாவது, அட்டைகளை ஒரு பட்டியலாக்கி, எழுதியவர்களின் சம்மதத்தோடு வந்த எல்லாருக்கும் அனுப்புங்கள். இரண்டாவது, பொருந்தும் ஜோடிகளைத் தேடுங்கள். இருவருக்கும் தனித்தனியாக போன் செய்து "அவரிடம் இது இருக்கிறது, ஒருமுறை பேசுங்களேன்" என்று சொல்லுங்கள். பொருளின் தரம், விலை, பொறுப்பு பற்றியெல்லாம் அவர்களே பேசிக்கொள்வார்கள், நீங்கள் நடுவில் நிற்க வேண்டாம். ஆனால் அமிலம், எண்ணெய், பேட்டரி, மருத்துவக் கழிவு போன்றவை என்றால், கைமாற்றுவதற்கு முன் உங்கள் பகுதிச் சட்டம் என்ன சொல்கிறது என்று விசாரிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது, அடுத்த சந்திப்பின் தேதியையும் கேள்வியையும் அந்தச் செய்தியிலேயே போட்டுவிடுங்கள்.

அப்புறம் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வந்தவர் எண்ணிக்கையை எழுதத் தேவையில்லை. கூடுகையால் நடந்த ஒவ்வொரு கைமாற்றத்தையும் எழுதுங்கள்: என்ன பொருள், யாரிடமிருந்து யாருக்கு, மாதம் எத்தனை கிலோ, இன்னும் நடக்கிறதா. எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் மரத்தூள் இருக்கிறது. அதற்கடுத்த வரியில், காளான் எடுத்து முடிந்த பழைய படுக்கையை நாற்றங்கால் வைத்திருக்கும் ஒரு பெண்மணி உரத்துக்கு வாங்கிக்கொள்வதாக எழுதியிருக்கிறேன். அவரை அழைத்து வந்தது காளான்காரர்.