பிரசவத்துக்குப் பின் மனசு: போனை நம்பும்போது நடக்கும் தவறுகள்

கர்ப்பிணிகளுக்கான ஆப்கள் சிலவற்றில் மனநிலையைக் கேட்கும் கேள்வித்தாள் ஒன்று உண்டு. 1987இல் வந்த எடின்பரோ அளவுகோல் அவற்றில் பேர்பெற்றது. பத்துக் கேள்விகள், கடந்த 7 நாட்கள் எப்படிப் போயின என்று கேட்கும். மொத்தம் 30 மதிப்பெண்.

இதைப் பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு நிரப்புவதுதான் பெரிய தவறு. தாய்வீட்டில் தொட்டிலைச் சுற்றி எப்போதும் நாலு பேர். "என்ன கண்ணு, போன்லயே இருக்கற?" என்று அம்மிச்சி எட்டிப் பார்த்தால், எந்தப் பெண்ணும் 'இல்லை, இல்லை' என்றுதான் தட்டிவிட்டுப் போவாள். கதவைச் சாத்தி அவளுக்குப் பத்து நிமிடம் கொடுங்கள்.

பத்தாவது கேள்வி, தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. மொத்த மதிப்பெண் குறைவாகவே வரட்டும். இதற்கு மட்டும் 'எப்போதாவது' என்று பதில் விழுந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் பேச வேண்டும். ஆப் கூட்டிச் சொல்லும் எண்ணை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாமல் போய்விடும். அதே மாதிரி, 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மனச்சோர்வு நோய் உறுதி என்றும் இல்லை. மருத்துவரைப் பாருங்கள் என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான்.

"பச்சை உடம்புக்காரி, அப்படித்தான் இருப்பா" என்று தள்ளிப்போடுவது அடுத்தது. பிரசவமான சில நாட்களில் வரும் அழுகை இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதையும் தாண்டினால் விடக்கூடாது. தூக்கமே இல்லாமல், இல்லாத குரல் கேட்கிறது என்று சம்பந்தமில்லாமல் பேசினால், ஆப்பைத் தேட நேரமில்லை, உடனே ஆஸ்பத்திரிதான்.

யூடியூப் பார்த்து, மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்து. இன்னொன்று, எல்லா ஆப்பும் ரகசியம் காக்காது. பயனாளிகளின் தகவலை விளம்பரத்துக்காகப் பகிர்ந்ததாக, பெட்டர்ஹெல்ப் என்ற ஆலோசனை நிறுவனத்தின் மேல் அமெரிக்க வணிக ஆணையம் 2023இல் நடவடிக்கை எடுத்தது. கணவர் போனிலேயே எல்லாம் பதிவானால், அவள் எழுதுவதை அவர் படிக்கவும் வாய்ப்புண்டு.

சரி, எதைப் பயன்படுத்தலாம்? 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண். 2022இல் தொடங்கியது; இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். தாளவாடி, பர்கூர் மலைப் பக்கம் சிக்னல் குறைவாக இருந்தாலும் சாதாரண அழைப்பு போதும். ஒன்றரை மாதத் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிப்போகும்போது அந்தக் கேள்வித்தாளையும் செவிலியரிடம் காட்டுங்கள்.