முழுசாகச் செய்வதைச் சொல்லும் பழைய ஆங்கில வழக்குகள்: எதை எங்கே போடுவது?

"லாக், ஸ்டாக் அண்ட் பேரல்" என்றால் 'எல்லாம்' என்று மனப்பாடம் செய்துவிட்டுப் பார்க்கிற இடத்திலெல்லாம் போட்டால் சரிப்படாது. அந்தத் தொடர் எந்தப் பொருளிலிருந்து பிறந்தது என்று முதலில் பாருங்கள், எங்கே பொருந்தும் என்பது பாதி அதிலேயே தெரிந்துவிடும்.

இது பழைய துப்பாக்கியின் மூன்று பாகம். வெடிமருந்தைப் பற்றவைக்கும் விசை லாக், தோளில் அணைத்துப் பிடிக்கும் மரக்கட்டை ஸ்டாக், குண்டு பாயும் குழல் பேரல். மூன்றும் சேர்ந்தால் துப்பாக்கி முழுசு. அதனால் கடையைச் சரக்கோடு அப்படியே விற்றார், மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார் என்கிற மாதிரி, மொத்தமாகக் கைமாறும் அல்லது இடம்மாறும் இடத்தில் போடுங்கள். பாடத்தைக் கரைத்துக் குடித்தான் என்பதற்கு ஒட்டாது.

"ஹுக், லைன் அண்ட் சிங்க்கர்" விஷயத்தில்தான் ரொம்ப ஜாக்கிரதை வேண்டும். தூண்டில் முள், நரம்பு, ஈயக்குண்டு மூன்றையும் மீன் விழுங்கிவிட்டது, அப்புறம் அதற்கு ஏது மீட்சி? ஆகவே இது ஏமாந்து நம்பியதற்கு மட்டும். நீங்கள் சொன்னதை முழுசாக நம்புகிறேன் என்று மேலதிகாரிக்கு எழுத நினைத்து இதைப் போட்டால், அவர் உங்களை ஏமாற்றிவிட்டார் என்று சொன்னதாகிவிடும்.

அடியோடு ஒழிப்பது, சீர்திருத்துவது என்றால் "ரூட் அண்ட் பிராஞ்ச்". 1640 டிசம்பரில் லண்டன்வாசிகள் சுமார் 15,000 பேர் கையெழுத்திட்ட மனு ஒன்று, திருச்சபையில் பிஷப்புகளின் ஆட்சிமுறையை வேரோடும் கிளையோடும் நீக்கச் சொல்லி நாடாளுமன்றத்துக்குப் போனது. நம்முடைய 'வேரோடும் வேரடி மண்ணோடும்' இதற்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அரைகுறையாக நிறுத்தாமல் துணிந்து இறங்குவதற்கு "கோ தி ஹோல் ஹாக்".

"ஹோல் நைன் யார்ட்ஸ்" என்றதும் நமக்கு ஒன்பது கஜப் புடவை நினைவுக்கு வரும், வேறு சிலர் இரண்டாம் உலகப்போர் விமானத்தின் ஒன்பது கஜ நீளத் தோட்டாப் பட்டையிலிருந்து வந்தது என்பார்கள். 1907இலேயே அமெரிக்காவின் இண்டியானா மாநிலப் பத்திரிகையில் அது அச்சாகியிருக்கிறது, விமானக் கதை அங்கேயே அடிபட்டுப்போகிறது. 1912இல் ஒரு கென்டக்கி பத்திரிகையில் ஆறு யார்ட்ஸ் என்றே வருகிறது, அதனால் ஒன்பதுக்குக் கணக்குத் தேடாதீர்கள். கல்யாணத்தில் பந்தல், மேளம், விருந்து என்று எதையும் விடாமல் செய்தார்கள் என்று பேச்சுவாக்கில் சொல்ல இது அருமையான தொடர்.

சொல்வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். பேரல் முன்னால் வந்தால் ஆங்கிலக்காரர் காதில் உறுத்தும். வேலை விண்ணப்பத்தில் இவை எதுவும் வேண்டாம், அங்கே "தரோலி" (thoroughly, முழுமையாக) போதும்.