மெட்ரோவில் போகிறவர் வீட்டுக் கார்: நிற்கும் வண்டியைக் கெடாமல் வைப்பது எப்படி?

மெட்ரோ, மின்சார ரயில் என்று வேலைக்குப் போய்வரப் பழகிவிட்டால் கார் வாசலிலேயே கிடக்கும். ஓடாத வண்டி எப்படிக் கெடும் என்று விட்டுவிடுகிறோம். முகூர்த்தத்துக்கு நேரமாகும்போது சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்ற சத்தம்தான் வரும். செல்ஃப் எடுக்காது. நிற்கும் வண்டியில் பெரும்பாலும் முதலில் படுப்பது பேட்டரி.

காரணம் எளிது. பூட்டிய காரிலும் அலாரம், ரிமோட் லாக், கடிகாரம் எல்லாம் கொஞ்சம் கரண்ட் இழுத்துக்கொண்டே இருக்கும். அது 50 மில்லி ஆம்பியர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர் அவர் (Ah, பேட்டரியில் இருக்கும் சார்ஜை அளக்கும் அலகு). சின்ன கார்களில் இருக்கும் 35 ஆம்பியர் அவர் பேட்டரியில் 15 நாளில் பாதி காலி. டேஷ்கேமும் டிராக்கரும் மாட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம். காலியான பேட்டரியை அப்படியே விட்டால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். பிறகு சார்ஜ் போட்டாலும் நிற்காது.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும். டிசி 20 வோல்ட்டில் வைத்து, ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் ஸ்டார்ட் செய்யும் முன் பேட்டரியின் பிளஸ், மைனஸில் தொட்டுப் பாருங்கள். 12.6 என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் உடனே சார்ஜ் போட வேண்டும். 35 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு 3, 4 ஆம்பியர் போதும், ஒரு ராத்திரி ஆகும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையோ அதன் பெல்ட்டையோ பாருங்கள். பேட்டரிமேல் பழி போட்டுப் புதுசு வாங்கிவிடாதீர்கள்.

'தினமும் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விடுங்க' என்று எல்லாரும் சொல்வார்கள். செய்யாதீர்கள். செல்ஃப் இழுத்த கரண்டே அந்த ஐந்து நிமிட ஐடிலிங்கில் ஒழுங்காகத் திரும்பி ஏறாது. எஞ்சினும் முழுச் சூட்டுக்கு வராததால் சைலன்சரில் தண்ணீர் தேங்கித் துருப்பிடிக்கும். எரியாத பெட்ரோல் ஆயிலில் கலக்கும். பத்து நாளுக்கு ஒரு முறை, அரை மணி நேரம், ஏசியும் போட்டு, தெருவில் ஓட்டி வாருங்கள். ஏசி ஓடினால்தான் கம்ப்ரஸர் சீல்களில் எண்ணெய் ஏறும்.

ஒரு மாதம் ஊரில் இல்லையென்றால் பேட்டரியின் எர்த் டெர்மினலை, அதாவது மைனஸைக் கழற்றிவிடலாம். பெரும்பாலும் பத்தாம் நம்பர் ஸ்பேனர்தான். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மாற்றிச் செய்தால், பிளஸைத் திருகும் ஸ்பேனர் பாடியில் பட்டதும் தீப்பொறி பறக்கும். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்பு பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றித் தேய்த்து, துடைத்து, காய்ந்ததும் கொஞ்சம் வாசலின் தடவுங்கள்.

பேட்டரி செத்தே போனால் ஜம்ப் ஸ்டார்ட். சிவப்பு ஒயரை முதலில் செத்த பேட்டரியின் பிளஸில், மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸில். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில். கடைசி முனையைச் செத்த பேட்டரியின் மைனஸில் வைக்க வேண்டாம். அந்த வண்டி எஞ்சினில் பெயின்ட் இல்லாத இரும்பில் கடியுங்கள். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், பொறி அதன் பக்கத்தில் விழக் கூடாது. நல்ல வண்டியின் எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு செத்த வண்டியை ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட் ஆனதும் மாட்டியதற்கு நேர் எதிர் வரிசையில் கழற்ற வேண்டும்.

மழைக்காலத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு வாரக்கணக்கில் நிறுத்தினால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். தரை சமமாக இருந்தால் முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் செங்கல் வையுங்கள்; ஹேண்ட் பிரேக் வேண்டாம். டயரில் டிரைவர் கதவுப் பக்கத்து ஸ்டிக்கரில் போட்டிருப்பதைவிட 3 பிஎஸ்ஐ கூடுதலாகக் காற்று வைத்தால் ஒரே இடத்தில் தட்டையாவது குறையும். ஓட்டும் முன் சரியான அளவுக்கு இறக்கிவிடுங்கள்.

அடுத்த எதிரி எலி. பானட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பெட்டியைப் பாருங்கள். பஞ்சும் காகிதமும் கிடந்தால் குடித்தனம் வந்தாயிற்று. புகையிலை கட்டித் தொங்கவிடுவார்கள், வாசனை போனதும் எலி திரும்ப வரும். அரிசி மூட்டைக்கும் குப்பைத்தொட்டிக்கும் தள்ளி நிறுத்துவதே நல்ல வழி. பின்சீட்டில் பிஸ்கட் தூள்கூட இருக்கக் கூடாது.

வண்டி ஓடவில்லையே என்று இன்சூரன்ஸை விட்டுவிடாதீர்கள். காலாவதியாகி 90 நாள் தாண்டினால், கிளெய்ம் கேட்காமல் 50 சதவீதம்வரை சேர்த்த பிரீமியம் தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், போய்விடும்.

நீண்ட நாள் கழித்து எடுக்கும்போது முதலில் வண்டிக்கு அடியில் ஒழுகல் இருக்கிறதா பாருங்கள். டிஸ்க்கில் படிந்த துரு முதல் நாலைந்து பிரேக்கில் கரகரவென்று சத்தம் போட்டு அடங்கிவிடும். ஒரு கிலோமீட்டர் போனபின் இறங்கி ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையை நீட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் ஒட்டியிருக்கிறது. மெக்கானிக் பார்க்காமல் பைபாஸில் ஏற்ற வேண்டாம்.