சிற்றூர்க் கலைஞர்களுக்குத் துணை நிற்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெருநகரத்துக்கு வெளியே வாழும் கலைஞர்கள் பலருக்குத் தொலைவே ஒரு தடை. பிறப்பு, மொழி, பாலினம், உடல் நிலை என்று அதற்கு மேலும் தடைகள் உண்டு. அவர்களுக்குக் கைகொடுக்க வரும் விழாக் குழுக்களும் அறக்கட்டளைகளும் நல்ல மனத்தோடுதான் வருகின்றன. ஆனாலும் ஒரு தவறு ஓயாமல் நடக்கிறது. எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டுக் கடைசியில்தான் கலைஞரைக் கூப்பிடுகிறார்கள்.

தேதி, மேடை, பட்ஜெட் எல்லாம் தயாராகிவிடும். அதன் பிறகு, "உங்க கலையில் இருந்து பத்து நிமிஷம் பண்ணுங்க" என்று போன் வரும். விடிய விடிய நடக்க வேண்டிய ஒரு கலையைப் பத்து நிமிடத்துக்கு வெட்டச் சொல்வதால் அந்தக் கலைஞருக்கு எந்த இடமும் கிடைத்துவிடாது. பட்ஜெட் போடும் முன்பே கலைஞர்கள் விழாக் குழுவில் உட்கார வேண்டும். ஒருவரை மட்டும் சேர்த்தால், தன் சமூகம் முழுவதற்கும் அவர் ஒருவரே பதில் சொல்ல வேண்டியதாகிவிடும். இரண்டு மூன்று பேராவது வேண்டும். கூட்டத்துக்கு வரும் நாளுக்கும் அவர்களுக்குச் சம்பளம் தர வேண்டும்.

அடுத்தது பணம். "இதனால் நாலு பேருக்கு உங்களைத் தெரியவருமே" என்ற பேச்சை அறவே விட்டுவிடுங்கள். பந்தல் போட்டவருக்கும் மைக் செட்காரருக்கும் பேசிய தொகை போய்ச் சேருகிறது. கலைஞருக்கு மட்டும் சால்வை. ஒத்திகை நாட்கள், அன்று விட்டுப்போன கூலி, வாத்தியம் ஏற்றிவரும் வண்டி வாடகை, வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவருக்குத் தர வேண்டியது எல்லாம் சேர்ந்ததுதான் அவருடைய செலவு. "ரசீது கொடுங்கள், பிறகு தருகிறோம்" என்றால், கையில் காசு இருப்பவரால் மட்டுமே வர முடியும். பயணச் செலவை முன்பணமாகக் கொடுத்துவிடுங்கள்.

கேட்காமல் எடுத்துக்கொள்வது இன்னும் பெரிய தவறு. 1966இல் ஆஸ்திரேலியா வெளியிட்ட ஒரு டாலர் நோட்டில், டேவிட் மலாங்கி என்ற பழங்குடிக் கலைஞர் மரப்பட்டையில் வரைந்த ஓவியத்தின் வடிவம் இருந்தது. அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. விஷயம் வெளியே வந்த பிறகுதான் இழப்பீடு கொடுத்தார்கள். 'நாட்டுப்புறக் கலைதானே, இதற்கு யார் சொந்தக்காரர்' என்ற நினைப்பு இன்றும் போகவில்லை. வீடியோ எடுப்பதற்கு முன்பே, அது எங்கே போகும், எத்தனை காலம் இருக்கும், வருமானம் வந்தால் யாருக்கு என்பதைக் கலைஞரின் மொழியிலேயே பேசி, எழுதிக்கொள்ளுங்கள்.

தேர்வு முறையையும் பாருங்கள். அமெரிக்க இசைக்குழுக்கள் பல 1970கள் முதல், வாசிப்பவர் யாரென்று தெரியாதபடி திரைக்குப் பின்னால் வாசிக்கவைத்துத் தேர்வு நடத்தத் தொடங்கின. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தேர்வு நடக்கும் ஊர்வரை வரவே வழியில்லாதவருக்குத் திரையால் என்ன பயன்? பன்னிரண்டு பக்க விண்ணப்பமும் அப்படித்தான். படிவம் நிரப்பத் தெரிந்தவரே அதில் ஜெயிக்கிறார். குரல் பதிவாக விண்ணப்பிக்க விடுங்கள். அயர்லாந்து 2022இல் 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ அடிப்படை வருமானம் தரத் தொடங்கியபோது, தகுதி பெற்றவர்களிலிருந்து குலுக்கல் முறையில்தான் ஆட்களைத் தேர்ந்தது. சிறிய அமைப்புகளும் இந்தக் குலுக்கலைச் செய்து பார்க்கலாம்.

சாய்தளம் பார்வையாளர் பக்கம் மட்டும் போதாது. சக்கர நாற்காலியில் வரும் கலைஞர் மேடை ஏறுவது எப்படி என்று முதல் நாளே யோசியுங்கள்.

அறிமுக உரையில் கலைஞரின் வறுமையைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவதை எங்கே பார்த்தாலும் எனக்கு மனம் பொறுப்பதில்லை. அவருடைய குரு யார், எத்தனை ஆண்டுப் பயிற்சி, இன்று நிகழ்த்தப்போவதில் எது கடினம் என்று சொல்லுங்கள். என்ன சொல்லலாம் என்று முந்தின நாளே அவரிடம் கேட்டுவிடுங்கள்.

ஒரே ஆண்டில் பத்து ஊர்களுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவதைவிட, ஒரே ஊரில் மூன்று ஆண்டு நிலைத்திருங்கள். மூன்றாம் ஆண்டு விழாவின் வரவு செலவுக் கணக்கை அந்த ஊர்க் கலைஞர்களே எழுதட்டும்.